இது வேணுமா, வேணாமா?

ஸ்ரீவைகுண்டத்துச் சொந்தங்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து எங்கள் தெருச் சகதியில் இறங்கியவர்களுக்கும் வணக்கம்.

வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 17 ராத்திரியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பதில் ஆரம்பித்து எல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள்தான். எங்கள் வீட்டுச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே சுண்ணாம்பு இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. சுவர் காய்வதற்குள் நன்றியைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மாடி வீட்டைத் திறந்துவிட்டு மூன்று நாள் எங்களோடு சேர்ந்து தரையில் படுத்த எதிர்வீட்டு அண்ணாச்சி, மதினி. பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் போன என் மச்சினன். பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, யார் வீடு என்று கேட்காமல் ஊற்றிய பள்ளிவாசல்காரர்கள். எந்த ஊரிலிருந்தோ வந்து கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தம்பிகள். முங்கிப்போன என் கேமராவைப் பிரித்துப் பார்த்து, "அண்ணே, இதுக்குள்ள ஆத்து வண்டல் இருக்கு, வேலை வைக்காதீங்க" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்த மதுரை சர்வீஸ்காரர். தை முகூர்த்தத்துக்குத் தன் இரண்டாவது கேமராவைக் கொடுத்திருக்கும் ஸ்டுடியோ நண்பர். உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுத ஆசைதான். நேரில் வருகிறேன். (மார்கழியில் வந்ததால் கல்யாண ஆர்டர் ஒன்றும் கெடவில்லை என்று என் மனைவி வெள்ளத்துக்கும் ஒரு நன்றி சொல்லச் சொன்னாள். அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.)

என் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் உங்களில் பலருக்கு வந்துகொண்டிருந்தன. 2023 ஞாயிறில் ஆரம்பித்து ஞாயிறில் முடிந்த வருஷம், மொத்தம் 53 ஞாயிறு. ஞாயிறுக்கு ஒன்றாக வீட்டில் கிடக்கும் பொருள்களை எடுப்பது என்று ஜனவரி 1 அன்று அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் தொடங்கினேன். 22 வருஷமாகக் கல்யாண வீடுகளில் "மாமா இங்க பாருங்க, அத்தை கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போனவனுக்கு, நகரச் சொல்லாமலே சும்மா இருக்கும் பொருளைப் பார்ப்பதே ஒரு சுகம். 1930-இல் எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தைச் சின்ன வயதில் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்திருந்தேன். அந்த ஆசையில் 9ஆவது வாரம் மண்ணெண்ணெய்ப் புனலில் ஒரு கத்திரிக்காயை வைத்தேன். கத்திரிக்காய் கத்திரிக்காயாகவே வந்தது. சரி, போகட்டும்.

எடுத்ததெல்லாம் எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலோரம்தான். வடக்கு வெளிச்சம் வருஷம் முழுக்க மாறாது, மென்மையாக இருக்கும் என்று பாடப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். எழுதியவர்கள் நம் ஊருக்கு வந்ததில்லை. வைகாசி, ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. காலை வெயில் சாய்வாக நேரே உள்ளே விழும். ஜன்னலில் வேட்டியைக் கட்டித்தான் சமாளிக்க வேண்டும். மார்கழியில்தான் அந்த ஜன்னல் புத்தகத்துக்குக் கட்டுப்படும். கடைசி மூன்று வாரத்துக்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். 50 படம் முடிந்திருந்தது. 51ஆவது ஞாயிறு, அதுதான் டிசம்பர் 17. அம்மாவின் ஊறுகாய் ஜாடியைத் துடைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். காலையிலிருந்தே இருட்டு. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அப்புறம் ஜாடியும் இல்லை, ஜன்னல் கதவும் இல்லை, 50 படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் இல்லை.

நான் சொல்ல வந்தது டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை நடந்தது. தண்ணீர் வடிந்து, வீட்டுக்குள் முழங்கால் அளவு வண்டல். தெருவில் டிராக்டர் நின்றது. வெளி மாவட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஐம்பது வயது இருக்கக்கூடிய ஓர் அக்கா, திண்டுக்கல் பக்கம். நான் நாலு நாளாகத் தூங்காதவன். உள்ளே கையைக் காட்டி, "எல்லாத்தையும் அள்ளிப் போட்டுருங்கக்கா" என்றேன். அதை நான் சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வருஷம் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே முக்காலியைப் போட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த அதே ஆள்தான் சொன்னேன்.

அவர் மண்வெட்டியைப் போட்டார். முதல் வெட்டில் என்னவோ தட்டியது. குனிந்து கையால் எடுத்து, வாசலுக்கு வந்து என்னிடம் நீட்டினார். பித்தளைக் குத்துப்போணி.

"இது வேணுமா, வேணாமா?"

வேண்டாம் என்றேன். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "இது வேணுமா, வேணாமா?" வேண்டாம். மறுபடியும். வேண்டாம் என்று நான் சொன்னதை எல்லாம் டிராக்டரில் போடாமல் முருங்கை மரத்தடியில் தனியாக அடுக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்கு நீங்க தேடினா நான் எங்க சார் இருப்பேன்?" என்றார். குரலில் கரிசனம்கூட இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

நாற்பது தடவையாவது கேட்டிருப்பார். கொடுத்திருந்த கையுறை பெரிசு, பொருள் பிடிபடவில்லை என்று இடுப்பில் செருகியிருந்தார். வெறுங்கை. தெருவிலிருந்து மேஸ்திரி இரண்டு முறை சத்தம் போட்டார், ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரமா என்று. "வந்துட்டேண்ணே" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குக் குனிந்தார். பத்து, பதினைந்துக்கு மேல் என் வாயில் "வேண்டாம்" வரவில்லை. கேள்வி அவ்வளவுதான், மூன்று சொல். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கையிலிருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஜாடி. ஜன்னலோரம் வைத்தது அடுக்களை மூலையில் போய்ப் புதைந்திருந்தது. அதை நீட்டிவிட்டு அவர் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. என்ன நினைத்தாரோ, இரண்டாம் தடவை கேட்கவில்லை. உள்ளே கையை விட்டு மண்ணை வழித்துக் கொட்டினார், திண்ணையில் நிமிர்த்தி வைத்தார், விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். "வாய் உடையல. மண்ணு காயறதுக்குள்ள கழுவிருங்க. காஞ்சுட்டா விடாது."

மனைவி பாலில்லாத காப்பி போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் ஜாடியைக் கழுவவில்லை. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும் பழைய பீங்கான் ஜாடி அது. எது பழுப்பு, எது வெள்ளை என்று தெரியாமல் ஒரே மண் நிறம். அவர் பிடித்துத் தூக்கிய இடத்தில் மட்டும் நாலு விரல் தடம், அதன் வழியே பீங்கான் வெள்ளையாகத் தெரிந்தது. மணி நாலரை இருக்கும். திண்ணையில் எதிர்ச்சுவர் வெளிச்சம் அடித்தது. மச்சினனின் செல்போனை வாங்கி எடுத்தேன். பின்னால் கறுப்புத் துணி இல்லை, வெளிச்சத்தைத் திருப்பப் பக்கத்தில் தெர்மோகோல் இல்லை, ஸ்டாண்டு இல்லை. தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 51ஆவது படம் அதுதான். ஐந்து நாள் தாமதம்.

எதிர்வீட்டு அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூவாயிரம் வருஷம் விட்டிருந்தா ஆதிச்சநல்லூர் மாதிரி கண்ணாடிக்குள்ள வச்சிருப்பாவ, அவசரப்பட்டுட்டிய" என்றார். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அக்காவின் பெயரைக் கேட்டு வாங்கினேன். "பேரெல்லாம் எதுலயும் போட்டுராதீங்க, மேஸ்திரி ஏசுவாரு" என்றதால் போடவில்லை. அவர் மகனின் எண் என்னிடம் இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் அந்தப் படத்தை 12க்கு 18 அங்குல அளவில் போட்டு, சட்டம் அடித்து, திண்டுக்கல் பஸ் ஏறுவதாக இருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். கூடவே ஒரு சேலையும் எடுத்திருக்கிறாள்.

52, 53 இரண்டும் செல்போனிலேயே முடிந்தன. இந்த 2024-இன் 52 ஞாயிறுக்கு முருங்கை மரத்தடிப் பொருள்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் வேண்டாம் என்று சொன்னவை, எண்ணிப் பார்த்தால் 13. முதல் வாரத்து வெற்றிலைப் பெட்டியும் அதில் கிடந்தது என்பதை எழுதவே கை கூசுகிறது. ஹார்ட் டிஸ்க்கும் இனி இரண்டு, ஒன்று மாடி வீட்டில்.

கடைசியாக, படங்களைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதை எரிச்சலோடாவது வைத்திருந்தீர்களே, அதற்கு. 50இல் 41 வந்துவிட்டன. வாட்ஸ்அப் சுருக்கிய படங்கள், எட்டு அங்குலத்துக்கு மேல் போட்டால் உடையும். பரவாயில்லை, எட்டு அங்குலம் போதும். 17ஆவது வாரத்து உடன்குடிக் கருப்பட்டி மட்டும் பெரியம்மாவின் டிபியாக இருந்ததால் வட்டமாகத்தான் கிடைத்திருக்கிறது. ஓலைப்பெட்டியின் நாலு மூலையும் போய்விட்டது. பெரியம்மா, அதை மாற்றிவிடாதீர்கள், இப்போதைக்கு அதுதான் மூலப்பிரதி.

இன்னும் வராதவை 9. அதில் 23ஆவது வாரத்தைத்தான் ரொம்பத் தேடுகிறேன். ஜூன் 4, சுருட்டி வைத்த பத்தமடைப் பாய், அதன் மேல் ஜன்னல் கம்பியின் நிழல் ஐந்து கோடாக விழுந்திருக்கும். பாயும் போய்விட்டது. யார் போனிலாவது கிடந்தால் அனுப்பிவையுங்கள்.