மே மாதம் கென்யா போக இருக்கும் நம் சபையாருக்கு

ஆயர் ஐயாவுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்பைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மே மாத லீவில் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 12 பேர் கென்யாவில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பத்து நாள் ஊழியத்துக்குப் போகிறார்கள், ஆளுக்கு 95,000 ரூபாய் ஆகும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த பணத்தில் ஒரு பங்கு அதற்கு ஒதுக்கியாயிற்று என்று வாசித்தீர்கள். கூடவே, "நம்ம சபை அக்கா ஒருத்தரே அங்க எட்டு மாசம் இருந்துட்டு வந்திருக்காங்க, விவரம் வேணும்னா அவங்ககிட்ட கேட்டுக்குங்க" என்றும் சொன்னீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் வந்து கேட்டது ஒரே ஒரு தங்கச்சிதான், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகணுமாக்கா என்று. (எடுத்துட்டுப் போ கண்ணு. அந்த இல்லம் இருக்கிற கிட்டாலே பக்கம் ஏறக்குறைய நம்ம குன்னூர் உயரம், ராத்திரி குளிரும்.)

யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன். கமிட்டியில் மட்டும் சொன்னால் அது மினிட் புத்தகத்தோடு போய்விடும், அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி.

நான் போனது எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருஷம் கணக்கு எழுதி, அலுத்துப்போய், அந்த இல்லத்தில் தொண்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன். போகும்போது கம்பெனியில் ரிஜெக்ட் ஆன டி-சர்ட்டுகளாக ஒரு பெரிய பெட்டி நிறைய எடுத்துப்போனேன், பிள்ளைகள் போட்டுக்கொள்ளட்டும் என்று. அங்கே போய்ப் பார்த்தால் வாரத்தில் ஐந்து நாள் யூனிஃபார்ம், மிச்ச நாளுக்கு மிதும்பா. மிதும்பா என்றால் வெளிநாட்டிலிருந்து பேல் பேலாக வந்து இறங்குகிற பழைய துணி, சந்தையில் குவித்து வைத்து விற்பார்கள், கொள்ளை மலிவு. ஒருநாள் சந்தைக் குவியலில் ஒரு சட்டையைப் புரட்டுகிறேன், கழுத்து லேபிளில் நான் இன்வாய்ஸ் போட்ட ஐரோப்பியக் கம்பெனியின் பெயர், கீழே மேட் இன் இந்தியா. நம்ம ஊரில் தைத்து, அங்கே எவனோ போட்டுக் கழற்றி, எனக்கு முன்னாலேயே அது கென்யா வந்து சேர்ந்திருக்கிறது. என் பெட்டி ஸ்டோர் ரூமில் அப்படியே கிடந்தது. எனவே தம்பிகளா, துணி மட்டும் எடுத்துப்போய்விடாதீர்கள்.

அங்கே அன்றாடம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு அம்மாக்கள். சுவாஹிலியில் அம்மாவுக்கு "மாமா" என்று பெயர், வீட்டுக்குப் போன் பண்ணி "பெரிய மாமா வஞ்சிட்டாங்க" என்று நான் சொன்னதும் எங்கம்மா பதறிப்போய்விட்டாள். விடியும் முன்னாலேயே எழுந்து பெரிய பாத்திரத்தில் உஜி காய்ச்ச வேண்டும். மக்காச்சோள மாவுக் கூழ்தான், நம் கம்பங்கூழ் மாதிரி, ஆனால் சுடச்சுட, சர்க்கரை போட்டு. அதற்குள் ராத்திரி படுக்கை நனைத்த சின்னதுகளின் மெத்தையைத் தூக்கி வேலியில் சாய்க்க வேண்டும், அதையும் மற்ற பிள்ளைகள் பார்க்காத பக்கமாகச் சாய்க்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு பையன் மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்த பிறகு நானாகப் புரிந்துகொண்டது. அப்புறம் ஷூ பாலிஷ், ஜெபம், பள்ளிக்கூடம். அவர்கள் போனதும் பேசினில் துணி துவைக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் நாள் முழுக்கத் துணிதான். சாயங்காலம் கால் பார்க்க வேண்டும். ஃபுன்சா என்று ஒரு தெள்ளுப்பூச்சி, மண்ணில் இருக்கும், விரல் இடுக்கில் தோலுக்குள் புகுந்து முட்டை வைக்கும். பேசினில் தண்ணீர் வைத்து ஒவ்வொரு காலாகக் கழுவி, பார்த்து, பண்டுதம் பண்ணுவது பெரிய மாமாவின் வேலை. நான் பக்கத்தில் டார்ச் பிடிப்பேன்.

மணிக் கணக்கே அங்கே வேறு. விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள், நம் பாட்டன் காலத்து நாழிகை மாதிரி. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. முதல் வாரம் "இரண்டு மணிக்குக் கிளினிக் போகணும்" என்று அவர்கள் கணக்கில் சொன்னார்கள், நான் மத்தியானச் சாப்பாடு முடித்து ஆடி அசைந்து வருகிறேன். காய்ச்சலோடு ஒரு பிள்ளை காலை எட்டு மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவில் கிண்டிய களி, தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்கிற கீரை. அந்தப் பேருக்கு அர்த்தமே "வாரத்தைத் தள்ளு" என்பதுதான். பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளத்தை மூன்று வேளையும் எப்படித் தின்பது என்று முதலில் இருந்தது. பிறகு சந்தையில் தெங்கு என்று விற்றதைப் பார்த்தேன், அட, நம்ம பாசிப்பயறு! வேகவைத்து, வெங்காயம் மிளகாய் தாளித்து, நம்ம ஊர் மாதிரி கடைந்து உகாலிக்கு ஊற்றினேன். சின்ன மாமா இரண்டாவது தரம் வாங்கிக்கொண்டார். எட்டு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்தப் பயறு கடைசலும், ஆபீஸ் கணக்கைச் சரிபண்ணிக் கொடுத்ததும்தான். மற்ற வேலை எல்லாமே அந்த ஊர் ஆட்களால் என்னைவிட நன்றாகச் செய்ய முடிந்தவை.

இப்போது பத்து நாள் விஷயத்துக்கு வருகிறேன். நான் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து இரண்டு குழு வந்துபோனது. நல்ல பிள்ளைகள், உங்களை மாதிரியே. வருகிறார்கள் என்றால் நான்கு நாள் முன்னாலிருந்தே பாட்டுப் பயிற்சி, வீட்டுப்பாடம் நின்றுவிடும். வந்ததும் மிட்டாய், பலூன், விளையாட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு மடியில். "எவ்வளவு பாசம் பாருங்க, வந்த உடனே கழுத்தைக் கட்டிக்குதுங்க" என்று ஒரு பெண் கண்கலங்கினாள். அன்று ராத்திரி பெரிய மாமா பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னது: "அது பாசம் இல்லை. அது சீக்கு." யோசித்துப் பாருங்கள். நம்ம வீட்டுப் பொடுசுகள் தெரியாத ஒரம்பரை வந்தால் என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால் போய் ஒளியும். அரை மணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். முன்பின் தெரியாதவர் மடியில் முதல் நிமிஷமே ஏறி உட்காருகிற பிள்ளைக்கு, ஒளிந்துகொள்ள ஒரு சேலை இல்லை என்றுதான் அர்த்தம். அந்தக் குழு கிளம்பிய வாரத்தில் நனைந்த மெத்தைகள் கூடிப்போயின. அதைத் தூக்கி வெயிலில் போட்டது நாங்கள்தான். அவர்கள் அப்போது ஏர்போர்ட்டில் போட்டோ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், இல்லை. எட்டு மாதம் இருந்தேன், பழகவைத்தேன், பிறகு நானும்தான் கிளம்பினேன். கிளம்புகிற அன்று ஏழு வயசுப் பையன் ஒருத்தன் என் சூட்கேஸ் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். அங்கே நம்மை முஹிந்தி என்பார்கள், இந்தியர் என்று. அவன் அழவில்லை. "அடுத்த முஹிந்தி எப்ப வருவாங்க?" என்று கேட்டான், அவ்வளவுதான். நான் விமானத்தில் அழுதது எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்பா மிஷன் போர்டிங்கில், அதாவது மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர் என்பது சபையில் பலருக்குத் தெரியும். அவருக்குச் சோறும் படிப்பும் கிடைத்தது அங்கேதான், அதை அவர் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டார். ஆனால் அன்றைக்குச் சொன்னார்: மாதம் ஒருமுறை கரும்பலகையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிப்போடுவார்களாம், எல்லோரும் அதைப் பார்த்து எழுதி வெளிநாட்டில் பணம் அனுப்புகிறவருக்கு அனுப்ப வேண்டும். "நான் நலம். இங்கே நல்ல மழை பெய்கிறது." எங்கள் ஊர்ப்பக்கம் கிணறெல்லாம் வறண்டு கிடந்த வருஷத்திலும் அதே வரியைத்தான் எழுதினாராம். வெள்ளைக்காரர்கள் வருகிற அன்று மட்டும் தலைக்கு எண்ணெய், வரிசையில் நின்று பாட்டு. ஒரு அம்மா இவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடியும் வருவேன் என்றாராம். அந்தப் போட்டோ எந்த ஊரில் எந்தச் சுவரில் தொங்குகிறதோ, தன் சின்ன வயசுப் படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்றார். போர்டிங்கில் படித்த இன்னும் பத்துப் பேராவது நம் சபையில் இருப்பார்கள். கமிட்டியார் அவர்களில் யாரையாவது கேட்டீர்களா?

ஆபீஸ் கணக்கு என்று சொன்னேன் இல்லையா, பிள்ளைகளின் ஃபைல்களையும் நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அனாதை இல்லம் என்றுதான் நாம் அறிவிப்பில் வாசித்தோம். பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு அம்மாவோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் செலவு கட்ட முடியவில்லை, சாப்பாடு இல்லை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இவ்வளவுதான் காரணம். சுவாஹிலியில் நியான்யா என்றால் தக்காளி, பாட்டிக்கும் அதே பேர்தான். ஒரு நியான்யா மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரனைப் பார்க்க வருவார், பஸ் காசு சேர அவ்வளவு நாள் ஆகும். கென்யா அரசாங்கமே இதைப் புரிந்துகொண்டுதான் 2017-ல் இப்படிப்பட்ட இல்லங்களைப் புதிதாகப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது. 2022 முதல் 2032 வரை பத்து வருஷத் திட்டம் போட்டு, பிள்ளைகளைக் குடும்பங்களுக்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம்கூட, சுற்றுலா மாதிரி போய் இல்லங்களில் தொண்டு செய்வதால் வரும் தீங்கைச் சொல்லியிருக்கிறது. அவர்கள் ஒரு பக்கம் வீட்டுக்கு அனுப்ப, நாம் ஒரு பக்கம் டிக்கெட் போட்டுப் பார்க்கப் போனால், பார்க்க வருகிறவர்களுக்காகவாவது பிள்ளைகள் இல்லத்திலேயே இருக்க வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று, சுற்றுலாவாகப் போய் இறங்கிவிட்டு ஊழியம் செய்வது அங்கே சட்டப்படி சரியில்லை, சம்பளம் இல்லாத தொண்டுக்கும் பெர்மிட் வேண்டும். போட்டோ போடுவது பற்றி: நம் நாட்டு இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74-ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் தெரிகிற மாதிரி படம் வெளியிட்டால் இங்கேயே குற்றம். நம் ஊர்ப் பிள்ளைக்குக் கூடாதது கென்யாப் பிள்ளைக்கு எப்படிக் கூடும்?

மிஷனரி பாரம்பரியம் என்று ஆயர் ஐயா பேசினீர்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்த ஆடிஸ் ஐயா சுமார் முப்பது வருஷம் இங்கே இருந்தார். ஈரோட்டில் ஆலயத்துக்கே பேர் ஆகிப்போன பிரப் ஐயா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் மக்களோடு பல காலம் கிடந்தவர். அவர்கள் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ் படித்தார்கள், இங்கே காய்ச்சலில் விழுந்து எழுந்தார்கள். ரிட்டர்ன் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரவில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். 12 பேருக்கு 11,40,000 ரூபாய். அதில் ஒரு பகுதியை அந்த இரண்டு மாமாக்களின் சம்பளத்துக்கு அனுப்பலாம், அவர்களுக்கு மாதாமாதம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அவர்கள் வேலையை விட்டுப் போனால் பிள்ளைகளுக்கு மறுபடியும் புது முகம். இன்னொரு பகுதி, பாட்டி வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும், பாட்டிமாருக்குப் பஸ் காசும். போயே ஆக வேண்டும் என்று யாருக்காவது இருந்தால், ஒருத்தரோ இரண்டு பேரோ, கணக்கோ பிளம்பிங்கோ தெரிந்தவர்கள், பெர்மிட் வாங்கிக்கொண்டு ஒரு வருஷத்துக்குப் போகட்டும், பிள்ளைகள் பக்கம் போகாமல் மாமாக்களுக்குக் கை உதவியாக இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டதற்குத் தருகிற மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஏர்போர்ட்டில் தனியாக அடைத்து வைப்பார்கள்.

மிச்சமுள்ள தம்பி தங்கைகளுக்கு மே மாதம் இங்கேயே வேலை இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கிற குடும்பத்துக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வரும். நம் சபை எல்லைக்குள்ளேயே அதற்குத் தகுதியானவர்களை எனக்குத் தெரியும், மனு எழுதத் தெரியாமல் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்வர ஆள் வேண்டும். வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், போட்டோவுக்கு ஒன்றும் இருக்காது.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் என் கணக்கு நோட்டையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்பா பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அது அபூர்வம். கமிட்டி ரூமில் உட்காருவதா, வேப்பமரத்தடியிலா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவருக்கு முழங்கால் வலி, நாற்காலி ஒன்று போட்டுவைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் சபையாள் ஒருத்தி