ஊடுருவலைப் பற்றிப் பேசுங்கள், விவரத்தோடு பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரில் சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறேன். வந்து தங்குகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளம் பேசுகிறவர்கள். வங்கதேசத்துக்காரர் வந்தால் பாஸ்போர்ட், மெடிக்கல் விசா இரண்டையும் வாங்கிப் பார்த்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும், ராத்திரி 2 மணிக்கு வந்து இறங்கினாலும் சரி. அதனால் எல்லை, ஊடுருவல் என்று டிவியில் பேச்சு வந்தால் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பேன். ஒருவர் எல்லாரையும் விரட்டு என்கிறார், அடுத்தவர் அப்படி ஒரு பிரச்சினையே கிடையாது என்கிறார், அதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.

பிரச்சினை இருக்கிறது. வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர், ஆறு ஓடும் இடங்களில் வேலி போட முடியாது. தாண்டி வந்தவனுக்கு இங்கே ஆதார் எடுத்துக் கொடுக்கிற தரகர் யார், விசா முடிந்தும் திரும்பாதவர்களை யார் தேடுகிறார்கள், பிடித்தவரை அந்த நாடு ஏற்காவிட்டால் என்ன செய்வது? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கேட்காததால் அடி வாங்குவது வேறு ஆள். போன மாதம் மால்டாவிலிருந்து ஒரு பெரியவர் மகனின் இதய ஆபரேஷனுக்காக வந்திருந்தார். டீக்கடையில் யாரோ 'வங்கதேசமா?' என்று அதட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பால் வாங்கப் போனால்கூட வாக்காளர் அட்டை, ஆதார், பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் போவார். மால்டா நம் மேற்கு வங்கத்தில் இருக்கிறது, அவர் இந்த நாட்டுக் குடிமகன்.

2025-ல் குடியேற்றம், வெளிநாட்டினர் பற்றிய புதுச் சட்டம் வந்தது, 1946-ஆம் வருடச் சட்டம் உட்பட நாலு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு. செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். இவ்வளவு பெரிய சட்டத்தைப் பற்றி நம் ஊர் மேடைகளில் யாராவது பேசி நான் கேட்கவில்லை.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. வேலூர் பக்கத்து மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறதே. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், இலங்கை இல்லை. புதுச் சட்டத்தில் 9.1.2015 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை இல்லை என்று விலக்கு கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் 2022-ல் பொருளாதார நெருக்கடியில் கைக்குழந்தையோடு படகேறி தனுஷ்கோடிக்கு வந்தவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் கடத்தல்காரனையும் ஒரே வார்த்தையில் 'சட்டவிரோதம்' என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமா? எல்லைக் காவல் கண்டிப்பாக வேண்டும் என்று சொல்கிறவன் நான், அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் லாட்ஜுக்கு வயரிங் வேலைக்கு முகாமிலிருந்து ஒரு தம்பி வருவான். இங்கேயே பிறந்து இங்கேயே ஐடிஐ படித்தவன். 1.7.1987-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்புக் குடியுரிமை, அவனுக்கு இரண்டு பேருமே இலங்கை. விலக்கு வந்த செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டு, "சரிண்ணா, ஜெயில் இல்லை. பாஸ்போர்ட் எப்போ?" என்றான். ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியை அப்படியே கேட்கப் போகிறேன். உங்கள் பத்திரிகையும் எல்லாக் கட்சிகளிடமும் கேட்டுப் பதிலை அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு லாட்ஜ் மேலாளர், வேலூர்