பயப்படறவனுக்கு கணக்கு தெரியும்ங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பசங்க சொந்தத் தொழில் தொடங்க ஏன் பயப்படறாங்கன்னு உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன், தோல்விதான் முதல் படி, பயத்த தூக்கிப் போடுன்னு ஜெயிச்சவங்க பேட்டி குடுத்திருக்காங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல ஒருத்தர்கிட்ட கூட முதல் போட்ட காசு யாரோடது, யார் வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருந்துச்சுன்னு உங்க நிருபர் கேக்கலையேங்க.

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கூட்டுறவு பேங்க்ல கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவன். லோனுக்கு வர்றவங்கள பாத்ததுல எனக்கு தோணினது, பயந்துக்கிட்டே வர்றவன்தான் கணக்க ஒழுங்கா போட்டுட்டு வருவான். அதிகபட்சம் எவ்வளவு குடுப்பீங்க சார்னு சிரிச்சுட்டே கேக்கறான் பாருங்க, அவனப் பாத்தாத்தான் எங்களுக்கு வயித்தக் கலக்கும்.

இந்த ஊர் பையன் நிலைமைய கொஞ்சம் யோசிங்க. இப்படிப் போனா கஞ்சிக்கோடு கம்பெனி, அப்படி வேலந்தாவளம் தாண்டினா கோயமுத்தூர், மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும், வீட்ல கவர்மெண்ட் வேலைக்கு பி.எஸ்.சி. (தேர்வாணையம்) பரீட்சை எழுதுடான்னு நச்சரிப்பு வேற. இதையெல்லாம் விட்டுட்டு இட்லி மாவு அரைச்சு கடைகளுக்கு போடறேன்னு அவன் கிரைண்டர், ஃப்ரீசர், ஒரு வண்டின்னு வாங்கினா அம்மா நகை அடமானத்துக்குப் போகுது, மாமா ஜாமீன் கையெழுத்து போடறாரு. தனி ஆள் பேர்ல நடத்தற கடைக்கு கடைக் கடன் வேற சொந்தக் கடன் வேறன்னு சட்டம் பிரிச்சுப் பாக்காதுங்க, கடை கவுந்தா அவன் பேர்ல இருக்கற சொத்தும் பதில் சொல்லணும். ஜப்தி நோட்டீஸ் வந்துச்சுன்னா தெருவுக்கே தெரியும், தங்கச்சிக்கு பேசிட்டிருந்த சம்பந்தம் அப்படியே நின்னுரும். இதெல்லாம் தெரிஞ்சு தயங்கறவன கோழைங்கறது என்ன நியாயம்?

தைரியம் சொல்றதுக்கு பதிலா, தோத்தா எவ்வளவு போகும், அத எப்படி குறைக்கலாம்னு எழுதலாமே. சின்னத் தொழிலுக்குன்னு மத்திய அரசு 2015ல கொண்டுவந்த முத்ரா கடன்ல 10 லட்சம் வரைக்கும் அடமானம் வேண்டாம், சிசுங்கற முதல் பிரிவே 50,000 வரைக்கும்தான், அந்தளவுல ஒரு கிரைண்டரோட ஆரம்பிச்சுப் பாக்கலாம். கேரளாவுல 2019 சட்டப்படி ரொம்ப மாசு பண்ற வகையில வராத சின்ன யூனிட்டுனா விதிப்படி நடத்தறேன்னு நாமளே சுயசான்று எழுதிக் குடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, 3 வருஷத்துக்கு மாநில லைசென்ஸ்கள் இல்லாமலே நடத்தலாம், ஆனா சாப்பிடற பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கற உணவுப் பாதுகாப்பு அனுமதி தனியா எடுக்கணும், அது மத்திய சட்டம். ரெண்டு பேர் சேந்தா 2008 எல்.எல்.பி. சட்டம் (பொறுப்புக்கு வரம்பு இருக்கற கூட்டு நிறுவனம்) இருக்கு, தொழில் கடன் சொந்த வீட்டுக்குள்ள வராது. என்ன, கம்பெனி கட்டலேன்னா நானே கட்டறேன்னு பேங்க்காரங்க பர்சனல் கியாரண்டி எழுதி வாங்கிட்டா அந்த வேலியும் போச்சு (எங்க ஆளுங்க அதத்தான் மொதல்ல கேப்போம், ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு).

இன்னொண்ணுங்க. பெரிய கம்பெனி கவுந்தா 2016 திவால் சட்டத்துல கடன பைசல் பண்ண ஒரு வழி இருக்கு. அதே சட்டத்துல தனி ஆளுங்களுக்குன்னு எழுதின பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் அமலுக்கு வந்திருக்கு, பெட்டிக்கடைக்காரனுக்கு இன்னும் வரல. இதப்பத்தி ஒரு தலையங்கம் எழுதினீங்கன்னா நூறு தன்னம்பிக்கை கட்டுரைக்கு சமம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கடைய மூடினவங்க பேட்டி ஒண்ணு போடுங்க. பேரு போட வேண்டாம். எந்த மாசம் மூடணும்னு முடிவு பண்ணாரு, ஸ்டாக்க என்ன விலைக்குத் தள்ளினாரு, கடன எத்தன வருஷத்துல அடைச்சாரு, ஜாமீன் போட்ட மச்சான் இப்ப பேசறாரா இல்லையா, இதையும் கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.