ஏ1 சொன்னாராம், மாமா ஏ5 ஆனாராம்

போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் காவல் அதிகாரிகளுக்கும், அவற்றை நடத்தும் அரசு வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

என் அக்கா வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுபவர். 22 கிலோ கஞ்சாவுடன் பிடிபட்ட ஒருவர், காவலில் இருக்கும்போது இவர் பெயரைச் சொன்னாராம். அவ்வளவுதான், அவர் ஏ1, அதாவது வழக்கில் முதல் குற்றம்சாட்டப்பட்டவர்; மாமா ஏ5, ஐந்தாவது. அவரிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஏ1-இன் போனில் அவர் நம்பர் இருந்ததாம். வண்டிக்குப் பின்னால் பெரிதாக எழுதிவைத்திருக்கும் நம்பர்தான் அது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், கொடுத்தவருக்கு எதிராகவே செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, புதியதில் 23. உங்களுக்குத் தெரியாததல்ல. நீதிபதி முன் கொடுத்ததைக்கூட, உடன் குற்றம்சாட்டப்பட்ட இன்னொருவருக்கு எதிராக, மற்ற சாட்சியங்களை முதலில் எடைபோட்ட பிறகே துணைக்குப் பார்க்கலாம் என்று 1964இல் ஹரிசரண் குர்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப்பொருள் சட்டம் தனி என்று சொல்லவும் வழியில்லை. அந்தச் சட்டத்தின் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் செல்லாது என்று 2020இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தக் கதவும் மூடியாயிற்று. அதில் எதிர்த்தரப்பே தமிழ்நாடு அரசுதான்.

குற்றப்பத்திரிகை நகலில் நான்கு பேரின் வாக்குமூலங்களையும் வரிசையாகப் படித்தேன். நால்வரும் 'தானாக முன்வந்து' பேசியிருக்கிறார்கள். நான்கிலும் மாமாவின் இனிஷியல் ஒரே மாதிரி தப்பு. சேர்ந்தே மனம் திருந்தியவர்கள், சேர்ந்தே தப்பும் விட்டிருக்கிறார்கள்.

20 கிலோவுக்கு மேல் என்பதால், பெயிலை எளிதில் கிடைக்கவிடாத போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பெயில் இரண்டு முறை தள்ளுபடி. விசாரணை முடிந்தால் விடுதலைதான் என்கிறார் வக்கீல். உள்ளே போய் 11 மாதம் ஆகிறது. ட்யூ கட்டவில்லை என்று ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுக்க வந்தபோது, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளைகள் பெயரையாவது சுரண்டி எடுத்துக்கொள்கிறேன் என்று அக்கா கேட்டாள். நேரமில்லை என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிடித்த அன்று வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ கொடுக்கிறீர்கள். விடுதலையாகும் அன்று யார் பிரஸ்மீட் வைப்பார்கள்? சரி, அது வேறு கதை.

கேட்பது ஒன்றுதான். இன்னொருவர் வாக்குமூலத்தைத் தவிர வேறொரு ஆதாரம், ஒரு பண வரவோ ஒரு சாட்சியோ, கையில் இல்லாமல் யாரையும் வழக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டீர்கள் என்றால், பெயில் மனு வரும்போது அந்த வாக்குமூலத்தையே காட்டி ஆட்சேபிக்காதீர்கள். மாமாவின் மூன்றாவது மனு அடுத்த வாரம் வருகிறது. அரசு வழக்கறிஞர் அவர்கள் அதற்கு முன் வழக்குக் கட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏ5-இன் மைத்துனன்