குட்டியின் வயிறு காலியாகக் கிடக்கக் கூடாது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

குட்டிக்கு மலம் இளகிப் போகிறது என்றும், ஒரு நாள் முழுவதும் பட்டினி போட்டால் வயிறு தானாகச் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. வளர்ந்த பெரிய நாய்க்கு அந்த யோசனை ஒருவேளை ஒத்துவரலாம். ஒன்பது வாரமே ஆன, ஒரு கிலோ கூடத் தேறாத பொமரேனியன் குட்டிக்கு அது உயிருக்கே உலையாகிவிடும். கால்நடை மருத்துவராக நான் பார்த்த குட்டி இன நாய்களில், கழிச்சலைவிடக் கழிச்சலுக்காகப் போட்ட பட்டினியால் துவண்டுபோய் வந்தவை எனக்கு அதிக வருத்தத்தைத் தந்திருக்கின்றன. ஏனென்றால் அவை தவிர்த்திருக்கக் கூடியவை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் உனக்கே தெளிவு வரும். சாப்பிட்டதில் மிஞ்சும் குளுக்கோஸை உடல் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்து, உணவு கிடைக்காத நேரத்தில் எடுத்துச் செலவழிக்கிறது. பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற இனங்களின் குட்டிகளுக்குக் கல்லீரல் சிறியது, தசை குறைவு. ஆனால் உடலோடு ஒப்பிட்டால் மூளை பெரியது, அதற்கோ குளுக்கோஸ் இடைவிடாமல் வேண்டும். போதாததற்கு அந்தச் சின்ன உடல் சூட்டையும் விரைவில் இழந்துவிடுகிறது. எண்ணெய் கொஞ்சமாகவும் திரி பெரிதாகவும் உள்ள அகல்விளக்கைப் போன்றது அதன் நிலை. சில மணி நேரம் உணவில்லாமல் இருந்தாலே, அதிலும் குளிர், பயணக் களைப்பு, குடற்புழு, கழிச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்துகொண்டால், இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடக் கூடும்.

அப்படி இறங்கும்போது குட்டி முதலில் மந்தமாகும். விளையாட அழைத்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பிறகு நடை தள்ளாடும், உடல் நடுங்கும், கண் ஓரிடத்தில் நிலைகுத்தும், காதும் பாதமும் சில்லிடும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். நடுக்கத்தையோ தள்ளாட்டத்தையோ பார்த்தவுடன் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறின் மேலும் கன்னத்தின் உட்பக்கமும் தடவு. நினைவு தெளிவாக இல்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதே, அது நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பின்போது பற்களுக்கிடையே விரலை வைக்காமல், உதட்டை விலக்கி வெளி ஈறில் மட்டும் தடவினால் போதும். துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு, தெளிந்தவுடன் வழக்கமான உணவைக் கொடு. சர்க்கரை தரும் தெம்பு நீடிக்காது. எழுந்து ஓடினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடு. இதை நினைத்துத் தினமும் தண்ணீரில் சர்க்கரை கலந்து வைக்க வேண்டாம். பசி மந்தப்படுவதுதான் மிச்சமாகும்.

உணவு நேரத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே இருப்பேன். மூன்று மாதம் முடியும் வரை நாளுக்கு நான்கு முதல் ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாகக் கொடு. இரவு படுக்கும் முன் ஒரு வேளையும் விடிந்ததும் ஒரு வேளையும் கட்டாயம் இருக்கட்டும். நான்கு மாதம் வரை நான்கு வேளையும், பிறகு ஆறு மாதம் வரை மூன்று வேளையும் போதும். வளரும் குட்டிக்கு ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டால் வளர்ந்த நாயைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் தேவை. ஆனால் அதன் இரைப்பையோ மிகச் சிறியது. அதனால்தான் சிறிய இனக் குட்டிகளுக்கென்று செய்த, அளவில் சிறிய, ஆற்றல் செறிந்த உலர்தீவனத்தை வாங்கச் சொன்னேன். அதை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவை; உருண்டையை விரலால் அழுத்தினால் நடுவில் கடினமில்லாமல் மசிய வேண்டும். அந்த வெதுவெதுப்பில் எழும் மணமே சாப்பிட மறுக்கும் குட்டியைத் தட்டுக்கு இழுத்துவரும். ஊறிய தீவனத்தை மணிக்கணக்கில் வைக்காமல், மிஞ்சியதை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குப் புதிதாக ஊறவை.

உன் குட்டியின் கழிச்சலுக்கு என் முதல் சந்தேகம் தீவன மாற்றத்தின் மேல்தான். தாயை விட்டுப் பிரிந்து, புது வீட்டுக்கு வந்து, அன்றைக்கே புதுத் தீவனத்தையும் தின்றால் குடல் தாங்காது. முன்பு தின்றது என்ன என்று கேட்டு, அதற்கே திரும்பு; மலம் கட்டியான பிறகு, கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் பங்கு என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்று. அளவு கூடினாலும் மலம் இளகும், ஆகவே கையால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடு. பசும்பால் வேண்டாம், தாய்ப்பால் மறக்க மறக்க, பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த பண்டங்கள், சமைத்த எலும்பு ஆகியவை வீட்டில் எந்த மூலையிலும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. உனக்கு வயிற்றுப்போக்கு வந்தால் போட்டுக்கொள்ளும் மாத்திரையை நினைத்துக்கூடப் பார்க்காதே.

தீவனம் காரணமில்லை என்றால் அடுத்தது புழு. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும். ஆகவே சுத்தமான வீட்டில் பிறந்தது என்பது சமாதானம் ஆகாது. இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை புழு நீக்க மருந்து கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது, அதை மருத்துவரே சொல்லட்டும். போகும்போது அன்றைய மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துச் செல். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது என்பதால், ஒரு பரிசோதனையில் தென்படாவிட்டால் மறுமுறையும் பார்க்கச் சொல்லலாம்.

இப்போது குட்டி ஓடியாடி, தட்டை நக்கித் தீர்க்கிறது என்றால் இன்று ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் வாந்தி எடுத்தாலோ, ஒரு வேளை உணவை முழுவதுமாக மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடு. குட்டிக்குத் தடுப்பூசி வரிசை 16 வார வயது வரையாவது தொடர வேண்டும். அது முடியாத குட்டியிடம் வாந்தியும் துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், அதில் மணிக்கணக்குத் தாமதமும் பெரிது. ஈறைத் தொட்டுப் பார்க்கப் பழகிக்கொள்: நலமாக இருக்கும்போது இளஞ்சிவப்பாக, ஈரமாக வழுக்கும், நீர்ச்சத்து குறைந்தால் விரலில் ஒட்டும், வெளுத்திருந்தால் இரத்தம் குறைகிறது என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு தெம்பு வருவதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் குட்டி மயங்கினாற்போல் கிடந்தால், வளர்ச்சியும் பிந்தினால், கல்லீரலைத் தவிர்த்து இரத்தம் வேறு குழாய் வழியாகப் போகும் பிறவிக் குறை இருக்கலாம். யார்க்‌ஷயர் டெரியரிலும் மால்டீஸிலும்தான் அதை அதிகம் பார்க்கிறோம். உன் குட்டி அந்த இனமில்லை, ஆனாலும் அப்படிக் கண்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்.

தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் எடை பார்த்து எழுதிவை. இந்த வயதில் எடை ஏறாமல் நிற்பதே ஓர் எச்சரிக்கை. நாளைய எடையையும் மலம் எப்படி இருந்தது என்பதையும் எனக்கு எழுது, இரவானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா