முதல் சிங்கிளுக்கு முன்னால் ஒரு கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு என எங்கே பார்த்தாலும் பசங்க குழு சேர்ந்து முதல் சிங்கிளுக்கு, அதாவது தனியாக வெளியிடும் முதல் பாட்டுக்கு, தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். கானா, ராப், இரண்டும் கலந்தது என்று பாட்டுகள் நன்றாகவே வருகின்றன. கோட்டை விடுவதெல்லாம் பாட்டைச் சுற்றியுள்ள வேலைகளில்தான். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நாங்கள் அதைப் பற்றி எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவுக்கே இது நேர்ந்தது. அவர்களுடைய முதல் சிங்கிள் ‘லவ் மீ டூ’ 1962 அக்டோபர் 5 அன்று பார்லோஃபோன் லேபிளில் வந்து, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம் வரை போனது. விளம்பரத்துக்காக அடித்த 250 இசைத்தட்டுகளில் குழுவின் பால் மெக்கார்ட்னியின் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகியிருந்தது. ரிங்கோ டிரம்ஸ் வாசித்த செப்டம்பர் 4ஆம் தேதிப் பதிவின் மூல நாடா பிற்பாடு இல்லாமல் போனதால், மறுவெளியீட்டுக்குப் பழைய இசைத்தட்டிலிருந்து பிரதி எடுக்க வேண்டியதாயிற்று. பாட்டின் உரிமை ஆர்ட்மோர் அண்ட் பீச்வுட் நிறுவனத்திடம் போனது. பல வருடம் கழித்துத்தான் மெக்கார்ட்னியின் நிறுவனம் அதை வாங்கியது. பெயர், மூலப் பதிவு, உரிமை இந்த மூன்றிலும்தான் நம் பசங்களும் சறுக்குகிறார்கள்.

இதில் பெரிய அடி உரிமையில் விழுகிறது. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், பீட் (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசை) செய்தவர், பாடியவர், பணம் போட்டவர் யார் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி, மிக்சிங்குக்கு (குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலக்கும் வேலைக்கு) போகும் முன்பே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் குழு உடையும். சேனல் நடத்துபவர் ‘ஃபுல் ரைட்ஸ்’ என்று ஒரு ஒப்பந்தத்தை நீட்டினால், ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமை வாங்கியவரோடு சமமாகப் பெற வேண்டிய ராயல்டியை அவரிடமே விட்டுக்கொடுக்கவும் முடியாது. வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே எழுதிக்கொடுக்கலாம். அந்தப் பணம் கைக்கு வர, அப்படி வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகி, பாட்டைப் பதிந்திருக்க வேண்டும்.

யூடியூபில் கிடைக்கும் ‘ஃப்ரீ பீட்’ பெரும்பாலும் காசு பார்க்காத வரைக்கும்தான் இலவசம். அதே பீட்டை வாங்கிய இன்னொருவர் தன் பாட்டை கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் கண்டுபிடிக்கும் யூடியூபின் ஏற்பாட்டில்) ஏற்றியிருந்தால், உங்கள் பாட்டின் வருமானம் அவர் கணக்குக்குப் போகும். காசு கொடுத்தாவது தனி உரிமையோடு வாங்குங்கள், அல்லது குழுவிலேயே ஒருவர் செய்யட்டும். அனுமதி இல்லாமல் சினிமா மெட்டில் புது வரி போடுவது முதல் சிங்கிளுக்கு வேண்டவே வேண்டாம். வெளிவந்த பாட்டை மறுபடி பாடிப் பதிவதற்கு (கவர்) சட்டம் தரும் சலுகை, வரியை மாற்றினால் செல்லாது.

மிக்சிங் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு எம்.பி.3 வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது போதாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக் கோப்பு), குரல் இல்லாத வடிவம், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கோப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். தனிக் கோப்புகள் எல்லாம் ஒரே பூஜ்ய நொடியில் தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் தாளம் பிசகாது. மென்பொருளும் அதோடு சேர்க்கும் துணை மென்பொருளான பிளக்-இன்னும் மாறினால் பழைய ப்ராஜெக்ட் திறக்காமல் போகலாம். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டு வீட்டில் வையுங்கள்.

‘சவுண்டு ஏத்துண்ணே’ என்று மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில்) மைனஸ் 7 லஃப்ஸ் (சத்தத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) வரை நசுக்கினால் டோலக்கின் அடி மழுங்கிவிடும். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 அளவுக்கு அதை இறக்கித்தான் ஒலிக்க வைக்கின்றன. ஆக, சத்தமும் மிஞ்சாது, அடியும் மிஞ்சாது. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயருக்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலை எல்லாத் தளத்திலும் வையுங்கள். அதே பெயரில் வேறு கலைஞர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரும். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாகத் தரப்படும், 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டைக் குறித்துவையுங்கள், பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனத்தை மாற்றும்போது புதுக் குறியீடு வாங்கினால் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை அறுந்துபோகும். வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்டுகளைத் தொகுக்கும் குழுவுக்குப் பாட்டை முன்வைக்க, வெளியீட்டுக்கு முன் குறைந்தது ஏழு நாளாவது வேண்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுக் குழுவின் முதல் பாட்டைப் பற்றிச் செய்தி போடும்போது, பாடியவர் பெயரோடு வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், டோலக் வாசித்தவர் பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள். நாளை யார் எழுதியது என்று வழக்கு வந்தால், தேதியோடு அச்சான அந்தச் செய்தியும் அவர்களுக்கு ஒரு சான்றாக உதவும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை-13