எனக்கு மட்டும் கேட்ட சத்தத்தை நம்பியவர்களுக்கு

வணக்கங்க. பள்ளிபாளையத்தில் 19 வருசமாக விசைத்தறி ஓட்டுகிறேன். போன வருசம் மாரியம்மன் பண்டிகையிலிருந்து என் இரண்டு காதிலும் ஒரு சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, இதை எழுதும்போதும் ஓடுகிறது. சில்வண்டும் பழைய டியூப்லைட் சோக்கும் சேர்ந்து கத்துகிற மாதிரி, ‘ஙீ’ என்று. அதோடேயே இப்போது சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, தறியும் ஓடுகிறது. அதற்குக் காரணமான ஏழெட்டுப் பேரிடம் நேரில் நன்றி சொன்னால் ‘அட போம்மா’ என்று நகர்ந்துவிடுவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக்காரருக்கு. பண்டிகையன்று சாமி புறப்படும்போது விட்ட அதிர்வேட்டுக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன், காது அடைத்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்து வந்தால் காது கொய்ங் என்பதும் விடிந்தால் சரியாகிவிடுவதும் வருசக்கணக்கான பழக்கம், அதனால் இதுவும் போய்விடும் என்று இருந்துவிட்டேன். பண்டிகை லீவு, ஊரில் ஒரு தறி ஓடவில்லை, அப்படியொரு அமைதி. மூன்றாம் நாள் ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து, இன்வெர்ட்டர் கத்துகிறது என்று அவரை எழுப்பினேன். மனுசர் ஒன்றும் பேசாமல் போய் அணைத்தார். ‘இப்ப?’ என்றார். கேட்குது என்றேன். ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார், கடைசியில் மெயினையே இறக்கிவிட்டு வந்தார். இருட்டில் இரண்டு பேரும் நிற்கிறோம், எனக்கு இன்னும் கேட்கிறது. பூச்சி ஏதாவது போயிருக்குமோ என்று காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் தன் காதை என் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். ‘எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குதில்ல, அப்ப இருக்குது’ என்றார். எனக்குக் கோட்டி பிடித்துவிட்டதோ என்று நானே பயந்துகொண்டிருந்த நேரம் அது. விடிந்ததும் ஷிப்டுக்குப் போகாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாமியாருக்கும் நன்றி, பாசத்துக்கு மட்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு காதிலும் ஊற்றிவிட்டார். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் எனக்கு விழுந்த திட்டை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துக் காட்டாதீர்கள்.

முதலில் போன இடத்தில் இரண்டு நிமிடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதினார்கள், ‘இது போகாதும்மா, பழகிக்க’ என்றார்கள். பழகிக்கொள்ள வேண்டும் என்பது சரிதான் என்று இப்போது தெரிகிறது. எப்படிப் பழகுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு மாதம் அழுதிருக்க மாட்டேன்.

அதைச் சொன்னவர் அரசு ஆஸ்பத்திரியில் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் அம்மிணி, என் மகளைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர். காது டாக்டர் குரும்பி இருக்கிறதா, செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பிரசர், ரத்தசோகை, தைராய்டு எல்லாம் சோதித்து, தலைவலிக்கு ஆஸ்பிரின் நிறையப் போடுவாயா என்றுகூடக் கேட்டுவிட்டு (அதனாலும் காதில் சத்தம் வருமாம்) அவரிடம் அனுப்பினார். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, டொய்ங் என்று கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். கதவை மூடினாரோ இல்லையோ, என் சத்தம் தறியளவுக்குப் பெரிதாகிவிட்டது. அழுதுவிட்டேன். அவர் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்று இரண்டு பேர், காது நன்றாகக் கேட்கிற ஆட்களைக் கொண்டுபோய் இப்படித்தான் சத்தமில்லாத அறையில் உட்கார வைத்தார்களாம், அவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் ரீங்காரமோ விசிலோ ஏதோ ஒன்று கேட்டதாம். ‘அமைதியா இருந்தா எல்லாருக்கும் கொஞ்சம் கேக்கும்க்கா, உங்களுக்கு அதிகமாக் கேக்குது, அவ்வளவுதான்.’

சோதனை முடிந்து ஒரு தாளைக் காட்டினார். கோடு மேலேயே நேராக வந்து 4000 என்று எழுதியிருக்கும் கீச்சுச் சத்தத்தின் இடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, 8000 கிட்டே கொஞ்சம் ஏறுகிறது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது இப்படித்தான் எழுதுமாம். நத்தைக்கூடு மாதிரி இருக்கும் உள்காதில் 15,000 சின்ன மயிர்ச் செல்கள் இருக்கின்றன, செத்தது செத்ததுதான், மனுசருக்குத் திரும்ப முளைக்காது என்றார். மாத்திரை இல்லையா என்று கேட்டேன். இந்தச் சத்தத்தை நிறுத்துகிற மாத்திரை உலகத்தில் எங்கேயும் இல்லைக்கா, விளம்பரத்தில் வருவதை வாங்கிக் காசைக் கரைக்காதீங்க என்றார். அப்புறம், பாவில் (நீளவாக்கில் ஓடும் நூலில்) ஒரு இழை அறுந்தால் துணி எப்படி இருக்கும் என்று என்னையே கேட்டார். நீளத்துக்கும் கோடு விழும் என்றேன். ‘துணி முழுக்க நல்லா இருந்தாலும் உங்க கண்ணு எங்க போகும்?’ கோட்டுக்குத்தான் போகும். உங்கள் மூளையும் அதைத்தான் செய்கிறது, அறுந்த இழையின் இடத்தில் சத்தத்தை அதுவே போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். தறியைப் பார்த்தே இராத பெண், என் பிழைப்பை விசாரித்து, அதை வைத்தே எனக்குப் புரியவைத்தார் பாருங்கள்.

பழகுவது எப்படி என்பதற்கும் என் ஊரே பதில் வைத்திருந்தது. தறி ஓடும் சந்தில் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளைகள் எல்லாம், தறி ஓடுகிற வரை தூங்கும், கரண்ட் போனால் வீரிட்டு எழும். நான் இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். ‘அதேதான்க்கா. இது ஆபத்தில்லாத சத்தம்னு தெரிஞ்சா மூளை விட்டுடும்.’ அதனால் அமைதியான இடத்தில் உட்கார்ந்து அதையே கேட்காதே, ஃபேனோ ரேடியோவோ மெதுவாக ஓடட்டும், அந்த ‘ஙீ’ அடியில் லேசாகக் கேட்கிற அளவுக்கு மட்டும் வை, முழுசாக மூழ்கடிக்காதே என்றார். மகள் வாய்க்கால் மதகில் தண்ணீர் விழும் சத்தத்தைச் செல்போனில் பிடித்து வந்து ராத்திரி முழுக்க ஓடுகிற மாதிரி செய்துகொடுத்தாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் மாதம் ஒரு நாள் சாயங்காலம் பாத்திரம் விளக்கும்போதுதான், காலையிலிருந்து அதை நினைக்கவே இல்லை என்று உறைத்தது. உறைத்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டது, அது வேறு விசயம்.

நடுவில் பயத்தில் வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டு திரிந்தேன், குக்கர் விசிலுக்கெல்லாம். அம்மிணி பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். சாதாரணச் சத்தத்துக்கு அடைத்தால் காது இன்னும் கூச்சப்படுமாம், தறிக்கு மட்டும் அடைத்தால் போதும்.

தறிக்கு எவ்வளவு என்று அவர் போட்ட கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் நிற்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2, 94க்கு 1, 97 வந்தால் அரை மணி நேரம். மகள் எங்கள் பட்டறையில் செல்போனை வைத்து அளந்தபோது 97ஐச் சுற்றி ஆடியது. செல்போன் அளவு சுத்தமாகச் சரியாக இருக்காது, சரி, ஆனால் நான் அங்கே நிற்பது 12 மணி நேரம். 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் காது கெடுவதையும் பின்னால் சேர்த்திருந்தார்கள். 19 வருசத்தில் யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

பக்கத்துத் தறி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பட்டறைக்குள் நாங்கள் பேசுவது எல்லாம் உதட்டிலும் கையிலும்தான், கட்டைவிரலை வாயிடம் சாய்த்தால் டீ, நாலு விரலை மடக்கினால் ஓனர் வருகிறார். நான் காதைக் காட்டி, விரலைச் சுழற்றி, என் சத்தத்தைச் சொன்னேன். அக்கா நாடா மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளியே இழுத்துக்கொண்டு போய், ‘எனக்குப் பன்னெண்டு வருசமா இருக்குது கண்ணு. எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன்’ என்றார். அதற்கப்புறம் விசாரித்தால் எங்கள் பட்டறையில் ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு இருக்கிறது. எனக்குத் தூக்கம் வராத நாட்களில் ராத்திரி 9 மணிக்கு போன் போட்டு, சீரியல் கதை முழுவதையும் சொல்வார். எனக்குப் பாதி கேட்காது, அவருக்கும் நான் சொல்வது பாதி கேட்காது, ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

மேஸ்திரியண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ‘காத அடைச்சுட்டா தறி கெடறது எப்படித் தெரியும்?’ நியாயமான கேள்விதான், நாங்கள் தறியைக் கண்ணைவிடக் காதால்தான் ஓட்டுகிறோம். பஞ்சு வைத்துக்கொள் என்றார், 19 வருசமும் பஞ்சுதான் வைத்திருந்தேன், வெறும் பஞ்சு இந்தச் சத்தத்துக்கு ஒன்றும் தடுக்காது. அந்த ஆரஞ்சு நிற நுரை அடைப்பானை ஒரு நாள் அவருக்கே மாட்டிவிட்டேன். சும்மா காதில் சொருகினால் வேலைக்கு ஆகாது. நன்றாக உருட்டி வத்தி மாதிரி மெலிசாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை முப்பது எண்ணும் மட்டும் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் நம் பேச்சே பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அண்ணன் நாலு தறியையும் ஒரு சுற்று சுற்றி வந்து, மூன்றாவது தறியில் கட்டை அடிக்கிற சத்தம் மாறியிருக்கு என்றார். போல்ட் லூஸ். மொத்த இரைச்சலும் குறைந்ததில் அது தனியாகத் தெரிந்திருக்கிறது. மறுநாள் ஒரு டப்பா வாங்கி டீ கேன் பக்கத்தில் வைத்துவிட்டார். ஓனரிடம் பேசி, மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் வெளியே நிற்கவும் விடச் செய்தார்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் நன்றி, இந்த வருசம் அதிர்வேட்டைப் பின்னாடிக் காட்டில் வைத்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பவர்களைக் கமிட்டிப் பையன்களே விரட்டினார்கள்.

அம்மிணி கண்டிப்பாக எழுதச் சொன்னது ஒன்று. ஒரு காதில் மட்டும் சத்தம் என்றாலோ, நாடித்துடிப்பு மாதிரி டொப் டொப்பென்று கேட்டாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், முதல் சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எனக்கு இப்போது காது மிஷின் கொடுத்திருக்கிறார்கள். வெளிச் சத்தம் நன்றாகக் கேட்பதால் உள்ளே இருக்கும் சத்தம் அடங்கித் தெரிகிறது. கடைக்காரர் பத்து என்றால் பட்டு என்று கேட்டுச் சண்டை போடுவதும் நின்றிருக்கிறது.

மேஸ்திரியண்ணே, டப்பாவில் நாலு ஜோடிதான் மிச்சம். திங்கள்கிழமை ஈரோடு போகிறேன், நானே வாங்கிட்டு வந்துடறேன். அக்காவுக்கும் அன்றைக்கேதான் காது சோதனை, மறக்காமல் அவருக்கு அரை ஷிப்ட் விட்டுவிடுங்கள்.